வெப்பநிலை மாறினால் இரும்பு பாக்டீரியாவுக்கு என்ன ஆகிறது? வளர்ச்சியையும் ஆக்சிஜனேற்றத்தையும் தனித்தனியே அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமில நீரில் வாழ்ந்து இரும்பை ஆக்சிஜனேற்றும் பாக்டீரியாவான அசிடிதயோபாசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் பற்றி எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் "உகந்த வெப்பநிலை 28 முதல் 30 டிகிரி செல்சியஸ்" என்று ஒரு வரி இருக்கும். எதற்கு உகந்தது என்று அந்த வரி சொல்வதில்லை. செல் இரண்டாகப் பிரிவதற்கா? ஃபெரஸ் இரும்பை (Fe²⁺) ஒரு எலக்ட்ரானை எடுத்து ஃபெரிக்காக (Fe³⁺) மாற்றுவதற்கா? இரண்டும் ஒரே வெப்பநிலையில் உச்சத்தைத் தொடும் என்று நினைத்துக்கொண்டு சோதனையைத் தொடங்குபவர்கள் அநேகம். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. வெப்பம் ஏற ஏற முதலில் தளர்வது வளர்ச்சி. இரும்பு ஆக்சிஜனேற்றம் அதற்குப் பிறகும் கொஞ்ச தூரம் ஓடும். இந்த இடைவெளியை அளக்காமல் வரையும் வெப்பநிலை வரைபடம் பாதிக் கதைதான் சொல்லும்.

இந்த வழிகாட்டி நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும், முதுநிலை ஆய்வில் இறங்கப்போகிறவர்களுக்கும். இன்குபேட்டர் ஷேக்கர், ஆட்டோகிளேவ், மையவிலக்கு, நுண்ணோக்கி, பி.எச். மீட்டர், டைட்ரேஷனுக்கான கண்ணாடிப் பொருட்கள் என வழக்கமான ஆய்வகத்தில் இருப்பவையே பெரும்பாலும் போதும். தனிச் சிறப்புக் கருவி கட்டாயமில்லை.

முதலில், செல்லுக்குள் என்ன நடக்கிறது?

கணக்கு எளிமையானது. நான்கு ஃபெரஸ் அயனிகளும் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறும் நான்கு புரோட்டான்களும் சேர்ந்து நான்கு ஃபெரிக் அயனிகளாகவும் இரண்டு நீர் மூலக்கூறுகளாகவும் மாறுகின்றன. அமிலக் கரைசலில் இந்த வினை தானாக நடக்க மிகவும் தயங்கும். பி.எச். 3.5-க்குக் கீழே, உயிரிகள் இல்லாத வினை மிக மிக மெதுவானது என்றும், பாக்டீரியா அதைச் சுமார் பத்து லட்சம் மடங்கு வேகப்படுத்துகிறது என்றும் சிங்கர், ஸ்டம் இருவரும் 1970-இல் காட்டினார்கள். சுரங்கங்களிலிருந்து வழியும் அமில நீரில் இந்த உயிரிகள் இருப்பதைக் கோல்மர், ஹிங்கிள் இருவரும் 1947-இலேயே அறிவித்திருந்தார்கள். தயோபாசில்லஸ் என்று அழைக்கப்பட்டுவந்த இந்த இனம் 2000-இல்தான் அசிடிதயோபாசில்லஸ் ஆனது. பழைய கட்டுரைகளைத் தேடும்போது இரண்டு பெயர்களிலும் தேடுங்கள்.

ஃபெரஸ் இரும்பிலிருந்து கிடைக்கும் ஆற்றல் சொற்பம். ஃபெரஸ்–ஃபெரிக் இணையின் மின்னழுத்தம் 0.77 வோல்ட். பி.எச். 2-இல் ஆக்சிஜனுடையது ஏறக்குறைய 1.1 வோல்ட். இடையில் இருக்கும் சின்ன இடைவெளியில்தான் செல் பிழைத்தாக வேண்டும். இரும்பிலிருந்து எடுத்த எலக்ட்ரான்களில் பெரும்பகுதி வெளிச்சவ்வில் உள்ள சைட்டோகுரோம், பிறகு ரஸ்டிசயனின் என்ற நீலநிறத் தாமிரப் புரதம் வழியாக ஆக்சிஜனை நோக்கி இறங்குகிறது. இது பள்ளத்தை நோக்கிய ஓட்டம், தடையில்லாமல் நடக்கும். கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து உடலாக்க, எலக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறான என்ஏடிஹெச் வேண்டும். அதற்காகச் சிறு பகுதி எலக்ட்ரான்களைச் செல் மேட்டை நோக்கித் தள்ள வேண்டியிருக்கிறது. அப்படித் தள்ளும் விசை சவ்வின் இரு பக்கமும் உள்ள புரோட்டான் வேறுபாட்டிலிருந்து வருகிறது.

வெளியே பி.எச். 2, உள்ளே ஏறக்குறைய 6.5. புரோட்டான் செறிவில் முப்பதாயிரம் மடங்கு வேறுபாடு. அதைத் தாங்கிப் பிடிப்பது ஒரு மெல்லிய கொழுப்புச் சவ்வு. வெப்பம் கூடினால் அந்தச் சவ்வு இளகும், புரோட்டான் கசியும். கசிந்து உள்ளே வருவதை வெளியேற்றவும் செலவழிக்கவும் வேண்டும். அப்போது மேட்டை நோக்கித் தள்ளும் வேலைக்கு விசை போதாமல் போகிறது. இறங்கும் ஓட்டமோ நிற்பதில்லை. உள்ளே வந்த புரோட்டான்களை ஆக்சிஜனோடு சேர்த்து நீராக்க அது உதவுவதால், செல்லுக்கு அந்த நேரத்தில் அது இன்னும் அவசியமாகிறது. வளர்ச்சி நின்ற பிறகும் இரும்பு ஃபெரிக்காக மாறி மஞ்சளாகிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

படி 1: எந்த உயிரி என்பதை உறுதி செய்யுங்கள்

அமிலத்தில் இரும்பை உண்ணும் உயிரிகள் வெப்பநிலையைப் பங்கு போட்டுக்கொண்டு வாழ்கின்றன. அசிடிதயோபாசில்லஸ் ஃபெரிவோரன்ஸ் 4, 5 டிகிரியிலும் வளரும். அதன் உறவான ஃபெரோஆக்சிடன்ஸ் 30-ஐ ஒட்டி உச்சம் பெற்று, 37-ஐத் தாண்டத் திணறும். லெப்டோஸ்பிரில்லம் ஃபெரிஃபிலம் 37 முதல் 40 வரை செழிப்பாக இருக்கும், 45 வரையும் தாக்குப்பிடிக்கும். சல்ஃபோபாசில்லஸ் தெர்மோசல்ஃபிடோஆக்சிடன்ஸுக்கு 45 முதல் 50 பிடிக்கும். அதற்கும் மேலே, பாக்டீரியாவிலிருந்து வேறுபட்ட தனி நுண்ணுயிர்ப் பிரிவான ஆர்க்கியாக்களின் ராஜ்ஜியம்: மெட்டலோஸ்ஃபேரா செடுலா 70-ஐத் தாண்டியும் வளர்கிறது. அசிடிதயோபாசில்லஸ் கால்டஸ் 45 டிகிரிக்காரர், ஆனால் கந்தகத்தை மட்டுமே உண்பவர். இரும்பு வளர்ப்பில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

சுரங்க நீரிலிருந்து நேரடியாக எடுத்த வளர்ப்பு பெரும்பாலும் கலவையாகத்தான் இருக்கும். அதை 20 முதல் 45 வரை சோதித்தால் அகலமான, அழகான ஒரு வளைவு கிடைக்கும். பார்க்க ஒரே உயிரியின் வளைவு போலத் தெரியும். உண்மையில் 30-இல் ஒரு இனம் வேலை செய்திருக்கும், 40-இல் வேறொன்று. ஆகவே திண்ம ஊடகத்தில் தனிக் காலனி எடுத்துத் தூய்மைப்படுத்துங்கள். அகார் அமிலத்தில் சிதைந்து சர்க்கரைகளை வெளிவிடும், இந்த உயிரிகளுக்கு அது நஞ்சு. அதனால் கீழ் அடுக்கில் அசிடிஃபிலியம் போன்ற கரிமப்பொருள் உண்ணும் பாக்டீரியாவைக் கலந்து, மேலே வெறும் அடுக்கு ஊற்றும் இரட்டை அடுக்குத் தட்டு முறை இருக்கிறது. கீழே இருப்பது சர்க்கரையைத் தின்றுவிட, மேலே இரும்பு உயிரி நிம்மதியாகத் துருநிறக் காலனி அமைக்கும்.

கலவையாகவே சோதிப்பதும் தவறில்லை, இந்த உயிரிகளைக் கொண்டு உலோகத்தைக் கரைத்தெடுக்கும் தாதுக் குவியல்களில் இருப்பது கலவைதான். அப்படியானால் ஒவ்வொரு வெப்பநிலையிலும் கடைசியில் யார் மிஞ்சினார்கள் என்று பாருங்கள். நுண்ணோக்கியிலேயே ஒரு குறிப்பு கிடைக்கும். அசிடிதயோபாசில்லஸ் குட்டையான நேர்க்கோல், லெப்டோஸ்பிரில்லம் வளைந்தும் சுருண்டும் இருக்கும். முடிவாகச் சொல்ல மரபணுச் சோதனை வேண்டும்.

படி 2: ஊடகம்

1959-இல் சில்வர்மேனும் லண்ட்கிரெனும் வெளியிட்ட 9கே ஊடகம்தான் இன்றும் அடிப்படை. ஒரு லிட்டருக்கு அம்மோனியம் சல்ஃபேட் 3 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.1 கிராம், டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்ஃபேட் 0.5 கிராம், மக்னீசியம் சல்ஃபேட் ஏழுநீர் உப்பு 0.5 கிராம், கால்சியம் நைட்ரேட் 0.01 கிராம், ஃபெரஸ் சல்ஃபேட் ஏழுநீர் உப்பு 44 கிராம் சொச்சம். இரும்பாகக் கணக்கிட்டால் லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம். பெயரில் உள்ள 9 அதுதான்.

வெப்பநிலைச் சோதனைக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. ஃபெரிக் இரும்பு, சல்ஃபேட், பொட்டாசியம் அல்லது அம்மோனியம் மூன்றும் சேர்ந்தால் ஜாரோசைட் என்ற மஞ்சள் வீழ்படிவு உருவாகும். வெப்பம் கூடக் கூட அது வேகமாகப் படியும். 25 டிகிரி ஃபிளாஸ்க் தெளிவாக இருக்க, 40 டிகிரி ஃபிளாஸ்க்கின் சுவரெல்லாம் மஞ்சள் பூச்சு ஏறியிருக்கும். அந்தப் பூச்சில் செல்களும் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் எண்ணுவது கரைசலில் மிதப்பவற்றை மட்டுமே, ஆகவே வெப்பத்தால் செல் குறைந்தது போலத் தோன்றும். இரும்பைப் பாதியாக, அதாவது உப்பு 22 கிராமாகக் குறையுங்கள். அம்மோனியம் சல்ஃபேட்டையும் பொட்டாசியத்தையும் குறையுங்கள். தொடக்க பி.எச். 1.8-ஆக வையுங்கள், எல்லா வெப்பநிலைக்கும் அதே எண்.

உப்புகளைத் தனியாக ஆட்டோகிளேவ் செய்யுங்கள். ஃபெரஸ் சல்ஃபேட் கரைசலை அமிலமாக்கி 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டி வழியே தனியாக வடித்து, உப்புக் கரைசல் ஆறிய பிறகு கலக்குங்கள். இரும்பைச் சூட்டில் வைத்தால் அங்கேயே ஒரு பகுதி ஆக்சிஜனேறிவிடும். புதிதாகத் தயாரித்த ஊடகம் வெளிர் பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சள் கலந்திருந்தால் அதைக் கொட்டிவிட்டு மறுபடி தயாரியுங்கள். கந்தக அமிலத்தை நீரில் ஊற்றுங்கள், நீரை அமிலத்தில் ஊற்றாதீர்கள்.

படி 3: வெப்பநிலைகளைத் தேர்ந்தெடுப்பது

ஐந்து ஐந்தாக 5 முதல் 45 வரை என்று பிரித்துக்கொள்வது வழக்கம். வசதிதான், ஆனால் தவறான இடத்தில் உழைப்பு வீணாகும். உச்சத்துக்கு இடப்பக்கம் வளைவு மெதுவாக ஏறும், வலப்பக்கம் செங்குத்தாக விழும். மூன்று டிகிரிக்குள் முழு வேகத்திலிருந்து பூஜ்யத்துக்கு வந்துவிடலாம். ஃபெரோஆக்சிடன்ஸுக்கு நான் பரிந்துரைப்பது 5, 10, 15, 20, 25, 28, 30, 32, 34, 36, 38, 40. ஒவ்வொன்றிலும் மூன்று ஃபிளாஸ்க், கூடவே பாக்டீரியா சேர்க்காத ஒரு கட்டுப்பாட்டு ஃபிளாஸ்க்.

இன்குபேட்டரின் திரையில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். அது காற்றின் வெப்பநிலை. ஷேக்கரின் மோட்டார் சூடு, ஃபிளாஸ்க் வாயில் நடக்கும் ஆவியாதல், கதவை அடிக்கடி திறப்பது எல்லாம் கரைசலின் வெப்பநிலையை மாற்றும். அதே அளவு நீர் ஊற்றிய ஒரு ஃபிளாஸ்க்குக்குள் வெப்பமானியை வைத்து, மற்றவற்றோடு சேர்த்துச் சுழலவிட்டு அதையே பதிவு செய்யுங்கள். 36-க்கும் 38-க்கும் இடையில் உயிரியின் தலைவிதி மாறும்போது, ஒரு டிகிரிப் பிழையும் பெரிய பிழை.

படி 4: தொடக்க வளர்ப்பும் பழக்கமும்

30 டிகிரியில் வளர்ந்த செல்லை நேராக 10-இல் போட்டால், அது தன் சவ்வின் கொழுப்பு அமிலங்களை மாற்றிக்கொள்ளவே நீண்ட நேரம் எடுக்கும். குளிரில் சவ்வு இறுகிவிடாமல் இருக்க இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பு அமிலங்கள் கூடுதலாகத் தேவை. ஆகவே இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். திடீர் மாற்றத்தை உயிரி எப்படித் தாங்குகிறது என்று தெரிய வேண்டுமா? 30 டிகிரி வளர்ப்பை எல்லா ஃபிளாஸ்க்கிலும் இடுங்கள். அந்த வெப்பநிலையில் அதன் நிலையான வேகம் என்ன என்று தெரிய வேண்டுமா? ஒவ்வொரு வெப்பநிலையிலும் மூன்று முறை புதிய ஊடகத்துக்கு மாற்றி வளர்த்து, நான்காவதில் அளங்கள். பிரசுரமான எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததற்கு இந்த வேறுபாடு முக்கியக் காரணம்.

இடும் அளவைக் கன அளவில் அல்லாமல் செல் எண்ணிக்கையில் நிர்ணயியுங்கள். மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் செல் என்பது நல்ல தொடக்கம். பழைய வளர்ப்பிலிருந்து ஃபெரிக் இரும்பு அதிகம் சேர்ந்து வராமல், மையவிலக்கில் சுழற்றி பி.எச். 1.8 அமில நீரில் கழுவிய செல்களை இடுங்கள். ஃபெரிக் இரும்பு இந்த உயிரிகளுக்கே தடையாக இருக்கும் பொருள். அசிடிதயோபாசில்லஸ் அதனால் கூடுதலாகப் பாதிக்கப்படும், லெப்டோஸ்பிரில்லம் நன்றாகத் தாங்கும்.

படி 5: காற்று

இதைத்தான் அதிகம் பேர் கவனிக்காமல் விடுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

காற்றோடு சமநிலையில் உள்ள தூய நீரில் 10 டிகிரியில் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30-இல் அது 7.5, 40-இல் 6.4. நன்றாக வளரும் ஒரு வளர்ப்பு மணிக்கு லிட்டருக்கு 2.5 மில்லிமோல் இரும்பை ஆக்சிஜனேற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்குக்கு ஒன்று கணக்கில் அதற்கு மணிக்கு 20 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவை. 30 டிகிரி நீரில் இருக்கும் இருப்பு 22 நிமிடத்தில் காலி. அதாவது வெளியிலிருந்து காற்று எவ்வளவு வேகமாகக் கரைகிறதோ அதுதான் வேகத்தை நிர்ணயிக்கும். உயிரியின் தேவை வெப்பத்தோடு கூடுகிறது, கரைசலின் கொள்ளளவு குறைகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும் இடத்தில் நீங்கள் அளப்பது உயிரியின் எல்லையா, ஃபிளாஸ்க்கின் எல்லையா என்று சொல்ல முடியாமல் போய்விடும்.

500 மி.லி. ஃபிளாஸ்க்கில் 100 மி.லி.க்கு மேல் ஊற்றாதீர்கள். நிமிடத்துக்கு 150 சுற்று வையுங்கள். திருகு மூடி வேண்டாம், பஞ்சு அடைப்பான் போதும். பிறகு ஒரு சோதனை: அதிக வேகம் காட்டிய வெப்பநிலையில் மட்டும் சுழற்சியை 200-ஆகக் கூட்டிப் பாருங்கள். இரும்பு மாறும் வேகமும் கூடினால் நீங்கள் ஆக்சிஜன் பற்றாக்குறையில் இருந்திருக்கிறீர்கள். கரைசலின் அளவைக் குறைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

கார்பன் டை ஆக்சைடுக்கும் இதே பிரச்சினை, இன்னும் நுட்பமாக. காற்றில் இருப்பதே 0.04 சதவீதம்தான். நடுநிலை நீரில் பைகார்பனேட்டாகச் சேமிப்பு இருக்கும், பி.எச். 1.8-இல் அந்தச் சேமிப்பு கிடையாது. சூட்டில் கரைதிறனும் விழுந்துவிடும். ஆக்சிஜன் போதுமான அளவு இருந்து கார்பன் போதாவிட்டால், செல் இரும்பை மாற்றிக்கொண்டே இருக்கும், பெருகாது. வெப்பத்தின் விளைவு என்று நாம் நினைக்கும் இடைவெளியில் ஒரு பகுதி கார்பன் பசியாகவும் இருக்கலாம். காற்றில் ஒரு சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்து ஒரு தொகுதி ஃபிளாஸ்க்குகளை ஓட்டினால் இது தெளிவாகும்.

படி 6: மாதிரி எடுப்பதும் அளப்பதும்

ஃபெரஸ் குறைவதை அளங்கள். ஃபெரிக் கூடுவதை மட்டும் பார்த்தால், படிந்துபோன பகுதி கணக்கில் வராது. செரிக் சல்ஃபேட் டைட்ரேஷன் எளிது: ஃபெர்ரோயின் சுட்டியின் செம்மை நிறம் வெளிர் நீலமாகும் கணத்தில் நிறுத்துங்கள். டைகுரோமேட்டும் வேலை செய்யும், ஆனால் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதால் நான் அதைத் தவிர்ப்பேன். நீர்த்த மாதிரிகளுக்கு 510 நானோமீட்டரில் ஃபினாந்த்ரோலின் முறை. எடுத்த மாதிரியை உடனே அமிலத்தில் நீர்த்து வையுங்கள், இல்லையெனில் பிப்பெட்டிலிருந்து குடுவைக்குப் போவதற்குள் பாக்டீரியா தன் வேலையைத் தொடரும்.

அதே மாதிரியில் கரைந்த மொத்த இரும்பையும் பாருங்கள். அது குறைந்தால் குறைந்த அளவு முழுதும் வீழ்படிவு.

ஒளியடர்த்தி மானியில் கலங்கலைப் பார்த்துச் செல்லை மதிப்பிடும் பழக்கத்தை இங்கே மறந்துவிடுங்கள். கலங்கலில் பாதி ஜாரோசைட். எண்ணும் அறையுள்ள சில்லில், கட்ட வேறுபாட்டு (ஃபேஸ் கான்ட்ராஸ்ட்) நுண்ணோக்கியில் நேரடியாக எண்ணுங்கள். மங்கலாக மினுக்கும் மஞ்சள் துகள்களுக்கு நடுவே, அரை மைக்ரோமீட்டர் அகலமும் ஒரு மைக்ரோமீட்டருக்குக் கொஞ்சம் மேலான நீளமும் கொண்ட கோல்கள் நகர்வதைப் பார்த்துப் பழகக் கண்ணுக்குக் கொஞ்சம் காலம் பிடிக்கும். துகள் அதிகமானால் ஒரு பகுதி மாதிரியில் ஆக்சாலிக் அமிலம் சேர்த்தால் ஜாரோசைட் கரைந்து செல்கள் வெளிப்படும்.

மின்னழுத்த மின்முனை வைத்து ஃபெரிக்–ஃபெரஸ் விகிதத்தைத் தொடர்ந்து கண்காணிப்பவர்கள், விகிதம் பத்து மடங்கு மாறும்போது வரும் மின்னழுத்த மாற்றம் வெப்பநிலையைப் பொறுத்தது என்பதை மறக்கக் கூடாது. 10 டிகிரியில் 56.2 மில்லிவோல்ட், 25-இல் 59.2, 42-இல் 62.5. ஒரே திருத்த அட்டவணையை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினால் பொய்யான வேறுபாடு வரும். பி.எச். மீட்டரையும் அந்தந்த வெப்பநிலையில் உள்ள தாங்கற்கரைசலில்தான் சரிபார்க்க வேண்டும்.

36-க்கு மேல் ஆவியாதல் கணிசமாக இருக்கும். ஒவ்வொரு முறை மாதிரி எடுக்கும் முன்பும் ஃபிளாஸ்க்கை எடை போட்டு, குறைந்ததை வடிகட்டிய கிருமியற்ற நீரால் ஈடு செய்யுங்கள்.

எவ்வளவு அடிக்கடி மாதிரி எடுப்பது? 30-இல் நான்கு மணிக்கு ஒருமுறை. 10-இல் நாளுக்கு ஒன்று போதும். 5-இல் வாரக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இருங்கள்; வளரவில்லை என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வருவது குளிர்ச் சோதனைகளின் தீராத நோய்.

படி 7: கணக்கு

செல்கள் அடுக்குக்குறி வேகத்தில் பெருகும்போது இரும்பு மாறும் வேகமும் அதே வேகத்தில் கூடும். அதனால் ஒவ்வொரு இடைவெளியிலும் மாறிய இரும்பின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் சாய்வே வளர்ச்சி வேகம். கணக்கு விளங்க நான் எடுத்துக்கொண்ட எண்களைப் பாருங்கள்: அடுத்தடுத்த நான்கு மணி இடைவெளிகளில் லிட்டருக்கு 0.20, 0.28, 0.40, 0.57 கிராம் ஃபெரஸ் மாறியிருக்கிறது. 0.57-ஐ 0.20-ஆல் வகுத்தால் 2.85, அதன் இயல் மடக்கை 1.047. முதல் இடைவெளியின் நடுவிலிருந்து கடைசியின் நடுவரை 12 மணி நேரம். ஆக வளர்ச்சி வேகம் மணிக்கு 0.087, செல் இரட்டிக்கும் நேரம் ஏறக்குறைய 8 மணி.

இது இரும்பிலிருந்து பெற்ற வளர்ச்சி வேகம். நுண்ணோக்கி எண்ணிக்கையிலிருந்தும் தனியாக ஒரு வேகம் கிடைக்கும். இரண்டும் ஒத்துப்போனால் வளர்ச்சியும் ஆக்சிஜனேற்றமும் கைகோத்து நடக்கின்றன. எண்ணிக்கையின் வேகம் பின்தங்கினால், அந்த வெப்பநிலையில் அவை பிரியத் தொடங்கிவிட்டன.

அடுத்து, ஒரு செல்லின் வேகம். கடைசி இடைவெளியில் மணிக்கு 0.1425 கிராம், அதாவது 2.55 மில்லிமோல். அப்போது மில்லிலிட்டருக்கு மூன்று கோடி செல் இருந்தால், ஒரு செல் மணிக்கு 0.085 பிக்கோமோல் இரும்பை மாற்றுகிறது. அயனிகளாக எண்ணினால் ஒரு நொடிக்கு ஒரு கோடியே நாற்பது லட்சம். கண்ணுக்கே தெரியாத ஒரு செல் இவ்வளவு இரும்பைக் கையாள்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வளர்ச்சி வேகத்தை ஒரு செல்லின் ஆக்சிஜனேற்ற வேகத்தால் வகுத்தால் விளைச்சல் கிடைக்கும்: ஒரு மோல் இரும்புக்கு எத்தனை செல். இந்த ஒரு எண்ணைத்தான் வெப்பநிலைக்கு எதிராகக் கட்டாயம் வரைய வேண்டும். 20-இலிருந்து 30 வரை அது பெரிதாக மாறாது. அதற்கு மேல் சரியத் தொடங்கும் புள்ளிதான் சவ்வு தோற்கத் தொடங்கும் புள்ளி.

படி 8: வளைவுக்குச் சமன்பாடு பொருத்துவது

ஏறும் பகுதிக்கு அர்ரீனியஸ் முறை போதும்: வேகத்தின் இயல் மடக்கையை, கெல்வினில் உள்ள வெப்பநிலையின் தலைகீழிக்கு எதிராக வரையுங்கள். 20-இலிருந்து 30-க்குப் போகும்போது வேகம் இரட்டித்தால் தூண்டல் ஆற்றல் மோலுக்கு 51 கிலோஜூல் என்று வரும். உங்களுக்கு 20 கிலோஜூலுக்கும் குறைவாக வந்தால் சந்தேகப்படுங்கள். நொதி வினைகள் அவ்வளவு மந்தமாக வெப்பத்துக்கு எதிர்வினை காட்டுவதில்லை. நீங்கள் ஆக்சிஜன் கரையும் வேகத்தை அளந்திருக்கக்கூடும். உச்சத்துக்கு வலப்பக்கப் புள்ளிகளை இந்தக் கோட்டில் சேர்க்காதீர்கள்.

குளிர்ப் பக்கத்துக்கு 1982-இல் ராட்கோவ்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் தந்த வர்க்கமூல முறை மேலானது: வளர்ச்சி வேகத்தின் வர்க்கமூலம், வெப்பநிலைக்கும் ஒரு கற்பிதக் குறைந்தபட்ச வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இரண்டு முறைகளும் எவ்வளவு விலகும் என்று பாருங்கள். 30-இல் இரட்டிப்பு 8 மணி. பத்து டிகிரிக்கு இரு மடங்கு என்ற விதிப்படி 10 டிகிரியில் 32 மணி. வர்க்கமூல முறைப்படி, கற்பிதக் குறைந்தபட்சத்தைப் பூஜ்யம் என்று வைத்தால், 72 மணி. குளிர்காலச் சுரங்க நீர்ச் சுத்திகரிப்புத் தொட்டியை வடிவமைப்பவர் முதல் எண்ணை நம்பினால், தொட்டி தேவையில் பாதிக்கும் குறைவாகத்தான் அமையும். அந்தக் குறைந்தபட்சம் வரைபடத்தை நீட்டிப் பெறும் எண் மட்டுமே. உயிரி உண்மையில் வளர்வதை நிறுத்தும் வெப்பநிலை பெரும்பாலும் அதற்கு மேலேயே இருக்கும்.

உச்சத்தைத் தாண்டியும் பொருத்த வேண்டுமானால், அவர்களே 1983-இல் தந்த விரிவாக்கத்தில் உச்ச எல்லைக்கும் ஒரு உறுப்பு இருக்கிறது.

படி 9: வளராத செல்களை வைத்து ஒரு குறுஞ்சோதனை

30 டிகிரியில் வளர்ந்த செல்களைக் கழுவி, செறிவாக்கி, நைட்ரஜன் உப்பு இல்லாத அமில நீரில் விடுங்கள். ஃபெரஸ் சேர்த்து, அரை மணி நேரம் மட்டும் அளங்கள். இவ்வளவு குறுகிய நேரத்தில் செல் பெருகாது. கிடைப்பது ஆக்சிஜனேற்றச் சங்கிலியின் சொந்த வேகம். இதன் உச்சம் வளர்ச்சி உச்சத்தைவிடப் பெரும்பாலும் சில டிகிரி மேலே விழும். ஆக்சிஜன் மின்முனை இருந்தால் ஆக்சிஜன் குறையும் வேகத்தையே அளக்கலாம், அது இன்னும் சுத்தமான முறை.

பிறகு அதே செல்களை அதிக வெப்பநிலையில் ஒன்று, நான்கு, இருபத்துநான்கு மணி நேரம் வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் 30-க்குத் திருப்பி அளங்கள். வேகம் திரும்பினால் செல் ஒடுங்கி இருந்தது. திரும்பாவிட்டால் செத்துவிட்டது. 38 டிகிரியில் வளர்ச்சி பூஜ்யம் என்று எழுதும்போது இந்த இரண்டில் எது என்பதைச் சொல்ல முடிய வேண்டும்.

இந்த எண்கள் எங்கே பயன்படுகின்றன?

தென்னாப்பிரிக்காவின் ஃபேர்வியூ தங்கச் சுரங்கத்தில் 1986-இலிருந்து இயங்கும் பயாக்ஸ் முறைத் தொட்டிகள், அதாவது தங்கத்தை மறைத்திருக்கும் சல்ஃபைடு தாதுவைப் பாக்டீரியாவால் ஆக்சிஜனேற்றும் தொட்டிகள், 40 முதல் 45 டிகிரியில் ஓடுகின்றன. சல்ஃபைடு தாது ஆக்சிஜனேறும்போது வெப்பம் வெளிவருவதால் அங்கே பிரச்சினை சூடாக்குவது அல்ல, குளிர்விப்பது. வெப்பத்தைத் தாங்கும் லெப்டோஸ்பிரில்லம் போன்ற உயிரிகள் கிடைத்தால் குளிரூட்டும் செலவு குறையும். ஃபின்லாந்தின் சோட்காமோவில் உள்ள நிக்கல் தாதுக் குவியல்கள் பனியில் கிடந்தாலும் உள்ளே சூடாக இருப்பதும் இதே வெப்பத்தால்தான். அதே குவியலின் வெளி ஓரத்தில் குளிர் தாங்கும் உயிரிகளும் நடுவில் வெப்பம் விரும்பிகளும் வேலை செய்ய இடமிருக்கிறது. அங்கே ஒற்றை உகந்த வெப்பநிலை என்று ஒன்று கிடையாது.

தாதுவைக் கரைக்கும் தொட்டிக்கு ஃபெரிக் இரும்புதான் தேவை, ஆகவே விளைச்சல் கொஞ்சம் குறைந்தாலும் ஆக்சிஜனேற்ற உச்சத்தை ஒட்டி ஓட்டலாம். ஆனால் தொடர்ந்து கரைசல் வெளியேறும் தொட்டியில், வளர்ச்சி வேகம் வெளியேறும் வேகத்தைவிடக் குறைந்தால் செல்களெல்லாம் அடித்துச் செல்லப்பட்டுவிடும். அங்கே வளர்ச்சி வளைவுதான் எஜமான். செல்கள் கல்லிலோ பிளாஸ்டிக் தாங்கியிலோ ஒட்டி வளரும் தொட்டி என்றால் இந்தக் கட்டுப்பாடு தளரும், கொஞ்சம் மேலே போகலாம்.

அறிக்கை எழுதும்போது இவற்றைத் தவறாமல் குறிப்பிடுங்கள்: இனமும் தூய்மை சோதித்த முறையும், தொடக்க வளர்ப்பு எந்த வெப்பநிலையில் எத்தனை முறை மாற்றி வளர்க்கப்பட்டது, கரைசலுக்குள் அளந்த வெப்பநிலை, தொடக்க மற்றும் இறுதி பி.எச்., தொடக்க ஃபெரஸ், ஃபெரிக் அளவுகள், ஃபிளாஸ்க்கின் கொள்ளளவும் ஊற்றிய அளவும், சுழற்சி வேகம், படிந்த இரும்பின் அளவு, பாக்டீரியா சேர்க்காத ஃபிளாஸ்க்கின் வேகம். வளர்ச்சி உச்சம், ஆக்சிஜனேற்ற உச்சம், விளைச்சல் சரியத் தொடங்கும் வெப்பநிலை மூன்றையும் தனித்தனி எண்களாகக் கொடுங்கள்.